லீத்தாவிடம் வேலை பார்த்தவர்

சீப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வென்சி மனைவியின் சவப்பெட்டிமேல் குனிந்தார். வகிட்டைத் தப்பான பக்கத்தில் எடுத்திருந்தார்கள்.

"சார், நாங்க பாத்துக்கறோமே" என்றான் சவ அலங்காரக்காரன். கோட்டும் சூட்டும் போட்ட இளைஞன். துக்க வீட்டுக்காரர்களிடம் பேசிப் பேசிக் குரலே பஞ்சுமாதிரி ஆகியிருந்தது.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க தம்பி. ஆனா இது வேற யாரோ தலை" என்றார் வென்சி.

இடது காதுக்கு மேலே அறுவை சிகிச்சைத் தழும்பு. வலது பக்கம் வகிடெடுத்து முடியை இந்தப் பக்கமாகத் தள்ளினால்தான் அது மறையும். லீத்தா சமையலறைச் சன்னல் கண்ணாடியில் தெரிகிற நிழலைக்கூட நம்பாமல், தழும்பு மறைந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே தெருவுக்கு வருவாள். வென்சி முடியை மூன்று தடவை நீவினார். நான்காவது தடவை அது சொன்ன பேச்சைக் கேட்டது. ஸ்டாக்டன் நகரத்திலேயே இந்த வேலையைத் தன்னைவிட நன்றாகச் செய்கிறவன் கிடையாது என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் உண்டு, இப்போதும் இருந்தது.

பின்னால் யாரோ செருமினார்கள்.

"என்ன மாப்ள, ஓவர்டைமா?"

லாஸ் வேகஸிலிருந்து காலையில்தான் வந்து இறங்கியிருந்த ருஃபினோ. லீத்தாவின் அண்ணன். சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிற வேலை. அங்கே கற்ற சிரிப்பைத் துக்க வீட்டுக்கும் எடுத்து வந்திருந்தார். முன்வரிசை நாற்காலியில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டு, பிறகு எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து குனிந்துகொண்டார்கள்.

வென்சி சீப்பைத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்குச் சம்பளம் இல்ல மச்சான். அவ போன நிமிஷத்தோட கணக்கு முடிஞ்சிது" என்றார்.

சம்பளம் வாங்கியது ஊருக்கே தெரியும். அதை அவர் மறைத்ததே இல்லை. ஆறு வருஷம் முன்பு லீத்தாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து வலது பாகம் விழுந்தபோது, வென்சி தக்காளி ஆலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வேலையை விட்டார். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு அரசாங்கம் மணிக் கணக்குப் போட்டுச் சம்பளம் கொடுக்கிறது, வீட்டு ஆளே பார்த்தாலும் சரி என்று யாரோ சொல்ல, விண்ணப்பம் போட்டார். கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கடைசியில் சக்கர நாற்காலியின் பக்கம் திரும்பி, "அம்மா, ஒண்ணு மட்டும் நல்லாப் புரிஞ்சுக்கணும். சம்பளம் நாங்க குடுக்கறோம். ஆனா முதலாளி நீங்கதான். ஆளை வைக்கறது, நிறுத்தறது, இப்படிச் செய் அப்படிச் செய்னு சொல்றது எல்லாம் உங்க உரிமை" என்றாள்.

லீத்தாவுக்கு அப்போது பாதிப் பேச்சுத்தான் திரும்பியிருந்தது. அவள் வென்சியைப் பார்த்தாள், அந்த அம்மாளைப் பார்த்தாள். ஒரு பக்கத்து உதடு மெதுவாக மேலே போயிற்று. விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இருபது வருஷம் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்தவள் லீத்தா. தலையணை உறையில் ஒரு சுருக்கம் இருந்தால் கூப்பிட்டு நிறுத்திவைத்துத் திட்டுகிற மேற்பார்வையாளர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவள். இப்போது அவளிடம் ஓர் ஆள் வேலைக்கு இருக்கிறான்! அதுவும் கல்யாணமான நாள்முதல் ஒரு தட்டுக்கூடக் கழுவாத ஆள்.

அவள் அந்தப் பதவியை நன்றாகவே வகித்தாள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அவர் வேலை செய்த மணி நேரத்தைத் தொலைபேசியில் அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் ஒன்று, மறுத்தால் இரண்டு. அவளுடைய இடது கைச் சுட்டுவிரல் ஒவ்வொரு தடவையும் இரண்டுக்கு மேலேதான் போய் நிற்கும்.

"செவ்வாக்கெழம... கஞ்சி... அடிப்பிடிச்சுது" என்பாள்.

"அம்மா தாயே, அமுக்குடி ஒண்ணை."

"முதலாளின்னு... சொல்லு."

"முதலாளி, அமுக்குங்க."

அப்புறம்தான் ஒன்று.

அவள் போனது வியாழக்கிழமை விடியற்காலை, தூக்கத்தில். ஆறு மணிக்கு அவளைப் புரட்டிப் படுக்கவைக்கப் போனவர், தொட்டதும் தெரிந்துகொண்டார். இருந்தாலும் புரட்டிவிட்டுத்தான் மகள் ஜோவெலினுக்குப் போன் செய்தார்.

ருஃபினோ வந்து இறங்கிய அன்று சாயங்காலம் ஜெபமாலை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். கராஜில் மடக்கு மேஜைகள் போட்டு, ஓரமாக ஒரு பழைய சோபாவையும் தள்ளியிருந்தார்கள். நூடுல்ஸ் தட்டுகளும், கோழிக் கஞ்சியும், தேங்காய்ப்பால் விட்ட பசையரிசி இனிப்பும் வந்துகொண்டே இருந்தன. ஒரு மேஜையில் சீட்டாட்டம். ஒவ்வோர் ஆட்டத்திலும் துக்க வீட்டுக்கென்று ஒரு பங்கு எடுத்துத் தகர டப்பாவில் போட்டார்கள். ருஃபினோ அங்கேதான் இருந்தார். ஜோவெலின் யாரையும் துடைப்பத்தைத் தொடவிடாமல் காவல் காத்தாள். அவர்கள் ஊர் வழக்கப்படி அடக்கம் முடிகிறவரை வீட்டைப் பெருக்கக் கூடாது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. துக்கத்துக்கு வந்தவர்களிடம் வீட்டுக்காரர் நன்றி சொல்லக் கூடாது, வாசல்வரை போய் வழியனுப்பவும் கூடாது. அனுப்பினால் சாவு அவர்களோடு கூடவே போகும். வருகிறவர்களும் சொல்லாமல் கொள்ளாமல்தான் நழுவுவார்கள். புரிங்குக்கு மட்டும் அது முடியவில்லை. அவளுக்கு வென்சியிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தனியாகச் சொல்ல அவரை வாசலுக்கு வெளியே கூப்பிடவும் வழியில்லை. எனவே சீட்டாட்ட மேஜைக்குப் பக்கத்திலேயே, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

புரிங் கடை வைத்திருப்பவள். கடல் தாண்டி இருக்கிற சொந்த ஊருக்குப் பணம் அனுப்பலாம், சாமான் பெட்டி அனுப்பலாம், உறைந்த மீன் வாங்கலாம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை வருமான வரிக் கணக்கும் எழுதி வாங்கலாம். வென்சி வீட்டுக் கணக்கு அவள் கையில்தான் வெகு காலமாக.

"அண்ணே, நேரம் பார்த்துப் பேசறேன்னு நெனைக்காதீங்க. ஏப்ரல் பதினஞ்சு யாருக்காகவும் காத்திருக்காது. லீத்தாக்காவுக்கும் சேர்த்துத்தான் இந்த வருஷமும் போடணும்."

"போட்டுடு புரிங். எப்பவும்போல."

"அதைத்தான் சொல்ல வந்தேன். இந்தத் தடவையாவது எப்பவும்போல வேணாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். புரிங் தாழ்த்திய குரல் தெருக்கோடி வரை கேட்கும். "கல்லறைக்காரர் பக்கத்து இடத்தை மாசக் கடைசி வரைக்கும்தான் வச்சிருப்பேன்னாராமே. ஜோவெலின் சொல்லுச்சு. நீங்க அவளைக் கடன் வாங்க வேணாம்னுட்டீங்களாம்."

 வென்சிக்கு, தான் போகும்போது படுக்க, லீத்தாவின் பக்கத்து இடம் வேண்டும். அதைவிட வேறெதுவும் இப்போது அவருக்கு வேண்டாம். அதை மகள் கடன்பட்டு வாங்கிக் கொடுப்பது மட்டும் பிடிக்கவில்லை.

"நீங்க கட்டின வரி, போன மூணு வருஷத்துது, திரும்ப வரும், அதுல அந்த இடத்தை வாங்கிடலாம். சட்டப்படி அது கட்டவே வேண்டாத வரி. ஒரே வீட்ல இருந்து பாத்துக்கிட்டவங்களுக்கு அந்தப் பணம் வருமானக் கணக்குலயே சேராது. எத்தனை தடவை அண்ணே சொல்றது? ஒரே ஒரு கையெழுத்து."

அந்தக் கையெழுத்துத்தான் விவகாரம். முதல் வருஷம் புரிங்கின் கடையில் லீத்தாவும் கூட இருந்தாள், சக்கர நாற்காலியில், உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு. முதலாளி அல்லவா, கணக்கு எழுதுகிற இடத்துக்கு வராமல் இருப்பாளா? புரிங் ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்து, அவர்கள் பாஷையில் சொன்னாள். இந்தப் பணத்துக்குச் சட்டத்தில் ஒரு பேர் இருக்கிறது, 'பராமரிப்பின் கஷ்டத்துக்காகத் தரும் பணம்' என்று. அப்படித்தான் வாங்கினேன் என்று கையெழுத்துப் போட்டால் வரி கிடையாது. லீத்தாவின் முகத்திலிருந்து உதட்டுச் சாயம் தவிர மற்ற நிறமெல்லாம் போய்விட்டது. வென்சி அதைப் பார்த்தார்.

"யாரு கஷ்டம்? என் பொண்டாட்டி எனக்குக் கஷ்டம்னு நான் கையெழுத்துப் போடணுமா? போடி! சம்பளம்னு எழுது, வருமானம்னு எழுது. ஆலையில கட்டலையா வரி? இங்கயும் கட்றேன்" என்றார்.

"என் ஆளு... வரி கட்டுவான்" என்றாள் லீத்தா. நிமிர்ந்து உட்கார முடியாத உடம்பு அன்று கொஞ்சம் நிமிர்ந்த மாதிரிதான் இருந்தது.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் இதுதான் கூத்து. புரிங் நெற்றியில் அடித்துக்கொள்வாள், வென்சி வரி கட்டுவார், மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிடுவார்கள்.

"அந்தப் பேச்சை விடு புரிங். அவ உசிரோட இருந்தப்ப போடாததைப் பெட்டியில வச்ச மறுநாள் போடுவேனா?" என்றார் வென்சி இப்போது.

"அக்கா இருந்தா அவளே போடச் சொல்லுவா. பக்கத்துல நீங்க படுக்கணும்னுதான் நெனைப்பா."

"கஷ்டம்னு சொல்லித்தான் நான் அவ பக்கத்துல படுக்கணுமா?"

சீட்டு மேஜையில் ருஃபினோ கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். "ஆமா மாப்ள, கேக்கணும்னே இருந்தேன். பொண்டாட்டியைப் பாத்துக்கறதுக்குக் காசு வாங்கறதே ஒரு மாதிரி. அதுக்கு வரி வேற கட்டினேன்னு பெருமை. நானா இருந்தா என் தங்கச்சிக்குச் செய்ய சல்லிக்காசு தொட்டிருக்க மாட்டேன். சோறு ஊட்டறதும் நாற்காலியில உக்காரவைக்கறதும் அப்படி என்னய்யா கஷ்டம்?"

 தட்டோடு வந்த ஜோவெலின் அப்படியே நின்றாள். வென்சி மச்சானைப் பார்த்தார். கோபம் வரும் என்று எல்லாரும் நினைத்தார்கள், அவரும்தான். வந்தது வேறு ஒன்று. கஷ்டமில்லை, கஷ்டமில்லை என்று ஆறு வருஷமாக அவர் சொல்லிச் சொல்லி, ஊர் அதை நம்பிவிட்டிருக்கிறது!

அவர் ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது கையையும் காலையும் தொய்யவிட்டார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"வா மச்சான். என்னைத் தூக்கி அந்தச் சோபாவுல உக்கார வை."

"என்ன வெளையாட்டு இது?"

"தூக்கு. ரெண்டே விஷயம். எனக்கு வலிக்கக் கூடாது. நான் வெக்கப்படவும் கூடாது."

ருஃபினோ சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, அக்குளில் கைகொடுத்து இழுத்தார். வென்சி ஒன்றும் பெரிய ஆள் இல்லை, ஆனால் தொய்ந்த உடம்பு நழுவிக் கீழே போயிற்று. நாற்காலி சாய்ந்தது. ருஃபினோ இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். வென்சியின் சட்டை மார்புவரை ஏறி, வெள்ளை வயிறு அத்தனை பேருக்கும் தெரிந்தது. எப்படியோ சோபாவில் கொண்டுபோய்த் தள்ளினார். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"இப்பப் பாரு. தோள் வலிக்குது. வயிறு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. லீத்தாவா இருந்தா நாளெல்லாம் உன்கிட்டப் பேச மாட்டா" என்றார் வென்சி, சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே. "இது ஒரு தடவை. காலையில எழுந்தா படுக்கையிலேருந்து நாற்காலி, நாற்காலியிலேருந்து கக்கூஸ், அங்கேருந்து குளியல். ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். ஆறு வருஷத்துல அவ முதுகுல ஒரு புண்ணு கிடையாது. டாக்டரம்மா மத்த டாக்டருங்களைக் கூப்பிட்டுக் காட்டினா."

"சரி மாப்ள, நான் என்ன..."

"இரு. புரையேறிடும்னு தண்ணியைக்கூடக் கெட்டியாக்கித்தான் குடிக்கணும். அதை அவ என் மூஞ்சியிலே துப்புவா. பழைய ஞாபகத்துல ஹோட்டலுக்கு வேலைக்குப் போகணும்னு அழுவா. அழுது முடிச்சதும் நான் தலை வாரினது சரியில்லேம்பா. கஷ்டமா இல்லையான்னு கேட்ட இல்ல? கஷ்டம்தான். ரொம்பக் கஷ்டம்! எவனாலயும் முடியாத கஷ்டம். நான் செஞ்சேன்."

கடைசி வார்த்தையில் அவர் குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்ததில் அவருக்கே ஆச்சரியம். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதும் லீத்தாவுக்குத் துரோகம் செய்தமாதிரி இருக்கும் என்று இத்தனை நாள் பயந்திருந்தார். அப்படி இருக்கவில்லை. மார்பில் ஏதோ பதக்கம் குத்தினமாதிரி இருந்தது.

ருஃபினோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு எங்கோ போயிருந்தது. "எவ்வளவு கனம் இருந்தா?" என்று கேட்டார், வென்சிக்கு மட்டும் கேட்கிற குரலில். "சின்னப் பொண்ணா இருந்தப்ப நான்தான் அவளைத் தோள்ல தூக்கிட்டு ஆறு தாண்டுவேன். இங்க வந்து பாக்கத் தைரியம் வரல மாப்ள. அதான் நெசம்."

வென்சி நகர்ந்து சோபாவில் இடம் விட்டார். ருஃபினோ உட்கார்ந்தார். ஜோவெலின் இரண்டு பேருக்கும் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். நன்றி சொல்லக் கூடாது என்பது அன்றைக்கு வசதியாகவே இருந்தது.

புரிங் இன்னும் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தக் காகிதத்தை எடுத்து வை புரிங். எல்லாம் முடிஞ்சு வந்து போடறேன்" என்றார் வென்சி.

அடக்கம் முடிந்து, ஒன்பது நாள் ஜெபமும் முடிந்த மறுநாள் அவர் புரிங்கின் கடைக்குப் போனார். சலவைச் சட்டை, பளபளக்கும் காலணி. ஏப்ரல் நெருங்கிவிட்டதால் கடையில் கூட்டம். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் அவரவர் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மீன் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

திருத்தின கணக்குகளில் முதலில் கையெழுத்துப் போட்டார். கஷ்டம் என்ற சொல் இருந்த இடத்தைப் புரிங் விரலால் மறைத்துக்கொண்டே காகிதத்தை நகர்த்தினாள். "கையை எடு புரிங், நான் படிக்கணும்" என்று வாசித்துவிட்டு, பேரை முழுசாக, வென்சிஸ்லாவோ என்று எழுதினார்.

பிறகு இந்த வருஷக் கணக்கு. லீத்தாவின் பேருக்கு மேலே 'காலமானார்' என்றும் தேதியும் போட வேண்டும். புரிங் தட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள்.

"உங்க தொழில்? எப்பவும்போலப் பராமரிப்பாளர்தானே?"

"ஆமா."

"அக்காவுக்கு இல்லத்தரசின்னு இருக்கு. அப்படியே விட்டுடறேன்."

"விடாதே. மாத்து."

"என்னன்னு மாத்தறது?"

"முதலாளி."

புரிங்கின் கைகள் விசைப்பலகைமேல் நின்றன. "அண்ணே, அக்காவுக்கு ஒரு காசு வருமானம் கிடையாது. ஆபீஸ்ல யாராவது பார்த்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கேட்டாங்கன்னா கவுண்டிக்காரம்மா சொன்னதுன்னு சொல்லு. பொய் ஒண்ணும் எழுதலையே நீ?"

புரிங் கொஞ்சம் யோசித்தாள். பொய் இல்லைதான். தட்டினாள். அச்சு இயந்திரம் முனகிக்கொண்டு காகிதத்தைத் துப்பியது. வென்சி அதைக் கையில் வாங்கி, தூரமாகப் பிடித்து, அந்த ஒரு கட்டத்தை வாய்விட்டு வாசித்தார். அடுத்த நாற்காலியில் இருந்த பெண்மணி கூடையை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"உங்க வீட்டம்மா முதலாளியா? என்ன தொழில் பண்ணினாங்க?"

"பெரிசா ஒண்ணும் இல்லம்மா. ஒரே ஒரு ஆளு வேலைக்கு."

"அந்த ஒரு ஆளு நல்லவனா அமைஞ்சானா? என் கடைக்கு ஒருத்தன் நிக்க மாட்டேங்கறான்."

"அமைஞ்சான்" என்றார் வென்சி. முதுகை நிமிர்த்திக்கொண்டார். "குறை சொல்லிக்கிட்டேதான் இருந்தா. ஆனா கடைசி வரைக்கும் அவனை நிறுத்தல."

புரிங் முகத்தைத் திருப்பிக்கொண்டு காகிதங்களைச் சேர்த்துக் குத்தினாள், உறையில் போட்டாள், அவர் பக்கம் நகர்த்தினாள். அடுத்த ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கூடைக்காரப் பெண்மணி எழுந்து வந்து நின்றாள். வென்சி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்னண்ணே? எப்பவும் மீனைச் சாப்பிட்ட கையோட, அக்காவைப் படுக்கவைக்க நேரமாச்சுன்னு ஓடுவீங்க."

வென்சி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து அந்த அம்மாளுக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு, சுவரோரம் காலியாக இருந்த இன்னொரு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"போலாம் புரிங்" என்றார். "அவசரம் ஒண்ணும் இல்ல."